பட்டத்தரசியும் பஞ்சாரமும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டை ஆண்ட மன்னர் சேந்தமாறனுக்கு யானைப் பித்தும் இல்லை, குதிரைப் பித்தும் இல்லை; கோழிப் பித்து. அரண்மனைப் பின்கட்டில் வேலி அடைத்து விதவிதமான கோழிகளை வளர்த்தார். காலையில் தம் கையால் தீனி போட்ட பிறகுதான் சபைக்கே வருவார்.

அந்தக் கூட்டத்தில் பருத்த செங்கோழி ஒன்று இருந்தது. அது தின்று முடிக்கும்வரை மற்றவை தள்ளித்தான் நிற்க வேண்டும். மன்னர் அதற்குப் பட்டத்தரசி என்றே பெயர் வைத்திருந்தார். அரசியாரின் தாய்வீட்டிலிருந்து சாம்பல் நிறப் பெட்டை ஒன்று வந்து சேர்ந்ததும் பிடித்தது சனியன். பட்டத்தரசி அதை விரட்டி விரட்டிக் கொத்தியது. அதைப் பார்த்து மற்றவையும் கொத்தின. முதுகில் இறகு போய், ரத்தம் கசிய, பாவம், அது வேலி மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அதைக் கண்ட அரசியார் அன்று சாப்பிடவே இல்லை.

மன்னருக்கு மீசை துடித்தது.

"என் ஆட்சியில் எளியதை வலியது வதைப்பதா? இனி ஒரு கோழி இன்னொன்றைக் கொத்தக் கூடாது! இதைச் செய்து முடிப்பவர் யார்?" என்று சபையில் முழங்கினார்.

பிரதானி நம்பிராயருக்கு விகடகவி குன்றாண்டியைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"பெருமானே, குன்றாண்டியைவிடத் தகுந்தவன் யார்? ஆனால் பட்டத்தரசி தங்கள் செல்லம். அதை அறுக்கக் கூடாது, கட்டக் கூடாது, வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது, கையால் தொடவும் கூடாது. தோற்றால் அவன் நாட்டை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். பௌர்ணமியன்று வந்து பார்ப்பேன்" என்றார் மன்னர்.

குன்றாண்டி யோசித்தபடியே நடந்தான். பிறந்த மண்ணை விட்டு எங்கே போவது? வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, சட்டி பானையைக் கட்டட்டுமா?"

அவன் நான்கு தடைகளையும் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"சட்டி பானை இருக்கட்டும் செங்கமலம். கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடையை மட்டும் எடு!"

பின்கட்டில் தானியத்தை இறைத்தான். பட்டத்தரசி முதல் ஆளாக வந்தது. மூங்கில் பஞ்சாரத்தை அதன்மேல் கவிழ்த்தான். சேதி எட்டியதும் நம்பிராயர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"ஆணையை மீறிவிட்டாய்!"

"எங்கே ஐயா மீறினேன்? அறுத்தேனா, கட்டினேனா, தொட்டேனா? வேலிக்குள்ளேதானே இருக்கிறது? பட்டத்தரசிக்கு ஓர் அரண்மனை கட்டிக் கொடுத்தேன், அவ்வளவுதான்!"

பிரதானி முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனார்.

குன்றாண்டி பஞ்சாரத்துக்குள் தவறாமல் தீனியும் தண்ணீரும் வைத்தான். சாம்பல் பெட்டையின் புண்ணில் மஞ்சளைக் குழைத்துப் பூசினான். சிவப்பு கண்ணில் பட்டால்தானே மற்றவை கொத்தும்! தீனியைப் பல சட்டிகளில் தள்ளித் தள்ளி வைத்தான். வேலியெங்கும் கீரைக்கட்டுகளைத் தொங்கவிட்டான். கோழிகளுக்குக் கீரையைக் கொத்தவே பொழுது சரியாக இருந்தது. சாம்பல் பெட்டையும் மெல்ல மூலையை விட்டு வந்து அவற்றோடு மேய்ந்தது.

சில நாள் கழித்துப் பஞ்சாரத்தைத் தூக்கினான். பட்டத்தரசி மிடுக்காக வெளியே வந்தது. ஒரு கோழியும் வழிவிடவில்லை. அது இல்லாமலே மற்றவை தங்களுக்குள் இடம் பேசி முடித்திருந்தன. இங்கும் அங்கும் திகைத்து நின்றுவிட்டு, ஆளில்லாத ஒரு சட்டியில் போய்த் தின்றது.

பௌர்ணமி வந்தது. நம்பிராயர் விடிவதற்குள் கீரைக்கட்டுகளை அவிழ்த்து, சட்டிகளையும் எடுத்து ஒளித்துவிட்டார். மன்னரும் சபையும் வந்ததும், பசித்துக் கிடந்த கோழிகளின் நடுவே ஒரே ஒரு பானைத் தானியத்தை வைத்தார். கோழிகள் பாய்ந்தன. சிறகுகள் படபடத்தன.

 குன்றாண்டி ஓடிப்போய்ப் பானையை ஓர் உதை விட்டான். தானியம் முற்றமெங்கும் சிதறியது. கோழிகள் நின்ற இடத்திலேயே தலை குனிந்து பொறுக்கின. பட்டத்தரசிக்குப் பக்கத்திலேயே சாம்பல் பெட்டையும் பொறுக்கியது.

"ஏன் உதைத்தாய்?" என்றார் மன்னர்.

"பானை ஒன்றேயானால், மன்னா, கோழிகள் மட்டுமல்ல, நாங்களும் கொத்திக்கொள்வோம்."

"என் சபையோரா? பார்த்துவிடுவோம்!" மன்னர் முத்துமாலையைக் கழற்றினார். "உங்களில் சிறந்தவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று தரையில் போட்டார்.

அவ்வளவுதான். தலைப்பாகைகள் உருண்டன, சால்வைகள் கிழிந்தன. ராஜவைத்தியரை முழங்கையால் இடித்துத் தள்ளி, மாலையைப் பற்றினார் நம்பிராயர். மன்னருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது.

"குன்றாண்டி, பிரதானிக்கு ஒரு பஞ்சாரம் கிடைக்குமா?"

"எல்லையில் ஏரி வெட்டுகிறார்களே மன்னா, நல்ல காற்றோட்டமான இடம்!"

"நம்பிராயரே, அந்த வேலை முடியும்வரை அங்கிருந்து மேற்பார்வை பாரும்!" என்ற மன்னர், மாலையை வாங்கிக் குன்றாண்டியின் கழுத்தில் போட்டார். அவன் சட்டென்று அதைச் சால்வைக்குள் மறைத்தான்.

"ஏன் மறைக்கிறாய்?"

"சபையில் இன்னும் அலகுகள் இருக்கின்றன, மன்னா!"

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். அன்று சபை கூடவே இல்லை.