பல்லக்குக் காவல்

"நாடு இவ்வளவு வளர்ந்தும் ஜனங்களுக்கு நன்றியே இல்லை, அம்மா."

கடற்படைத் தளபதி செங்கண்ணன் தன் குருவம்மாவிடம் வந்து இப்படிக் குறைபட்டுக்கொண்டான். மடத்து வாசலில் வடிவு என்கிறவள் அவன் காலடியில் காறித் துப்பியிருந்தாள்.

"எதற்குத் துப்பினாள்?"

"கடல் தாண்டிய துறைமுகத்தில் கலவரம். அந்த ஊர் ராஜா நம் கூலியாட்களைப் பிடித்துச் சிறையில் போட்டுவிட்டான். இவள் புருஷனும் உள்ளே. நான் சும்மா இருந்தேனா? போர்க்கப்பல்களோடு போனேன். நம் பட்டுக் கிடங்கில் ஒரு நூல்கூடக் கருகவில்லை. அத்தனையும் பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தது."

"ஆட்கள்?"

"அது நுணுக்கமான விஷயம் அம்மா. அந்த ராஜா மனம் கோணினால் வியாபாரம் கெடும்."

"சிறையில் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லையாமே. பட்டு தாகத்தில் அழுததோ?"

அவனுக்கு உறைக்கவில்லை. எப்படி உறைக்கும், வந்ததே பல்லக்கில்.

"இவளிடமும் பக்குவமாகத்தான் சொன்னேன். 'நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்' என்று. அதற்குத்தான் துப்பினாள்!"

"பல்லக்கில் என்ன?"

"என்னோடு மடத்துக்குக் கொஞ்சம் பட்டும் கொண்டுவந்தேன். வீரர்கள் காவல் இருக்கிறார்கள்."

"சரி. அந்த நெல் அறையில் விளக்கு இருக்கும், எடுத்து வா."

போனான். குருவம்மா கதவைச் சாத்தி வெளியே பூட்டினார்.

உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம். கொஞ்ச நேரத்தில் கதவு அதிர்ந்தது.

"அம்மா, கும்மிருட்டு! காலில் என்னவோ ஊருது!"

குருவம்மா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"டேய், யாருடா வாசல்ல? ஓடி வந்து கதவை உடைங்கடா!"

வாசலிலிருந்து பணிவாகப் பதில் வந்தது.

"மன்னிக்கணும் தளபதி. என்ன ஆனாலும் பட்டை விட்டு அசையக் கூடாதுன்னு உத்தரவுங்க."

"எந்த மடையன் போட்ட உத்தரவு?"

"நீங்கதானுங்களே."

குருவம்மா வாசலுக்குப் போய், இன்னும் அங்கேயே நின்றிருந்த வடிவின் கையில் சாவியை வைத்தார்.

வடிவு உள்ளே வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றாள். வளையல் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"யாரது? வடிவா? திறந்துவிடு தாயே! மூச்சு முட்டுது. தண்ணி, ஒரு வாய் தண்ணி!"

அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க தளபதி. நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம்."