பானைக்குள் விரால்

"வாசல்ல என் மக வந்து நிக்கிறா. நீங்களே பேசித் திருப்பி அனுப்பிடுங்க அம்மா" என்றார் தில்லைநாயகம்.

லாரி ஓட்டியவர். மனைவி இறந்துபோன பிறகு எல்லாவற்றையும் உதறிவிட்டு இந்த ஏரிக்கரை மடத்துக்கு வந்தவர். குரு மங்கையம்மை அவரைவிட வயதில் சின்னவர். சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"ஏன் அண்ணே?"

"பார்த்தா மனசு கலைஞ்சிடும். முழுசா முங்கிடணும்னுதானே வந்தேன்."

"அவகிட்ட பேசிட்டுத்தான் வரேன். கல்யாணம் பேசியிருக்காங்களாம். அப்பா முகத்தைப் பார்த்துச் சொல்லணுமாம். இன்னிக்கும் பார்க்கலைன்னா இனிமே வரவே மாட்டாளாம்."

தில்லைநாயகம் தலையை ஆட்டி மறுத்தார்.

"சரி. பஸ் வரட்டும், அனுப்பிடறேன். அதுவரைக்கும் இந்த ஜீவனைப் பார்த்துக்கங்க. வெயில் தாழ்ந்ததும் கிணத்துல விடணும்."

வற்றிப்போன ஏரிச் சேற்றிலிருந்து குரு எடுத்து வந்த விரால் அது. பாம்புத் தலை. கருத்த முதுகு. வாய் நிறையப் பல். தவளையை அப்படியே விழுங்குகிற மீன், ஒரு சட்டியில் கிடந்தது.

பாவம், எத்தனை நாள் சேற்றில் கிடந்ததோ.

தில்லைநாயகம் அதைப் பெரிய பானைக்கு மாற்றினார். விளிம்புவரை தண்ணீர் ஊற்றினார். துள்ளி வெளியே விழுந்துவிடக் கூடாதே என்று தட்டால் மூடி, மேலே ஒரு செங்கல்லையும் வைத்தார். பக்கத்திலேயே கண்ணை மூடி உட்கார்ந்தார்.

பானைக்குள் மடார் மடார் என்று சத்தம்.

"என்ன அண்ணே அது?" உள்ளேயிருந்து குரு கேட்டார்.

"அடங்க மாட்டேங்குது அம்மா. இவ்வளவு தண்ணி கொடுத்தும் திருப்தியில்லை."

சத்தம் குறைந்தது. நின்றது.

"அடங்கிடுச்சு" என்றார் சந்தோஷமாக.

குரு ஓடிவந்தார். செங்கல்லைத் தள்ளித் தட்டை எறிந்து பானையைச் சாய்த்தார். பாதித் தண்ணீர் சீடரின் வேட்டியில் கொட்டியது.

"அம்மா! தண்ணி!"

"செத்துக்கிட்டிருக்கு."

"தண்ணிக்குள்ளயா?"

"தண்ணிக்குள்ளதான்."

தில்லைநாயகம் குனிந்து பார்த்தார். விரால் ஒருக்களித்துக் கிடந்தது. வால் லேசாக அசைந்தது. பிறகு மெல்ல மேலே வந்தது. தண்ணீருக்கு வெளியே வாயைத் திறந்து எதையோ விழுங்கியது. இன்னொரு தடவை.

"மீனுக்கு மூச்சு முட்டுமா அம்மா? செவுள் இருக்கே?"

"இருக்கு. விராலுக்கு அது போதாது. அப்பப்ப மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கணும்."

"வாங்கிட்டு?"

குரு பானையைக் காட்டினார்.

விரால் அடியில் போய் அமைதியாகப் படுத்திருந்தது.

தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. வாசலில் நின்ற மகள் ரோட்டை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

தில்லைநாயகம் எழுந்தார். வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அம்மா, நான் போயிட்டுத் திரும்பி வந்தா..."

"லாரிக்காரரு ஒரு பஸ்ஸை மறிக்க மாட்டீங்களா? ஓடுங்க அண்ணே!"