மயக்கம் தெளிந்த சேதி

இது நான் நேரில் பார்த்ததல்ல. நாகர்கோவிலில் நர்ஸுகளுக்கான ஓர் ஆங்கில வகுப்பில் படித்த ஒரு நர்ஸ் என் அக்காவிடம் சொல்லி, அக்கா எனக்குச் சொன்னது. வழியில் கொஞ்சம் கூடியோ குறைந்தோ இருக்கலாம். கேட்டபடி எழுதுகிறேன்.

கிளாடிஸ் சிஸ்டர் நோட்டை மேசைமேல் போட்டார்.

"டீச்சர், இந்த இங்கிலீஷ்காரனுக்கு வார்த்தைப் பஞ்சமா?"

ஷமீலா டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு வயது இருபத்தேழு. கிளாடிஸுக்கு நாற்பத்திரண்டு.

"என்ன ஆச்சுக்கா?"

"கம் ரவுண்ட். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தா கம் ரவுண்ட். முரண்டு பிடிச்ச மாமியார் மனசு மாறினா கம் ரவுண்ட். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் வருதே, அதுவும் கம் ரவுண்ட். ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளிஞ்சாலும் அதேதான். சரி, தொலையட்டும்னு எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணினேன். ஒவ்வொண்ணுக்கும் நாலு மாற்றுச் சொல்லோட."

"பண்ணி?"

"போன தடவை அதுலதான் கவுந்தேன்."

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை கிளாடிஸுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறினால் போதும். இரண்டு முறை தவறிவிட்டார். மூன்றாவது முறையும் தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

பேச்சுத் தேர்வில், தேர்வு நடத்துபவர் நோயாளியின் வீட்டு ஆளாக நடிப்பார். நர்ஸ் அவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

"அந்தம்மா, என் வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேட்டாங்க. நான் கம் ரவுண்ட்னு சொன்னேன். விடாம மத்த நாலையும் வரிசையா சொன்னேன். சொல் வளத்துக்கு மார்க் உண்டுல்லா?"

"அதுக்கு அவங்க?"

"'அப்போ உயிரோட இருக்காரா, இல்லையா'ன்னு கேட்டாங்க."

வகுப்பு முழுக்கச் சிரித்தது. ஷமீலா சிரிக்கவில்லை.

"நாளைக்கு உங்களுக்கு எப்போ டியூட்டி?"

"காலையில. எதுக்கு டீச்சர்?"

"நான் வரேன்."

"ஐயோ, யாருக்கு உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்ல."

மறுநாள் கிளாடிஸ் வேலை பார்த்த ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே, இரும்பு நாற்காலிகளில் காத்திருந்தவர்களோடு ஷமீலா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நோட்டு.

கிளாடிஸுக்குச் சங்கடமாக இருந்தது. இந்தப் பெண் எதைக் குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறாள்? கொஞ்ச நேரம்தான். பிறகு வேலையில் மறந்துபோனார்.

பத்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். சுவரோரம் ஒரு பெண் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். குளச்சல்காரி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"ஏ பிள்ள, உன் ஆளு கண்ணு முழிச்சாச்சு. முழிச்சதும் 'அவ சாப்பிட்டாளா'ன்னுதான் கேக்காரு. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேன்டீன் எங்கே என்று கேட்டாள்.

பதினொன்றரைக்கு அடுத்தவர். மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்திருந்தது. அப்பா யாரோடும் பேசாமல், கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நின்றார்.

"சார், உங்க பையன் முதல் கேள்வியே பைக்கைப் பத்தித்தான் கேக்கான்."

"கேப்பான் சிஸ்டர், கேப்பான்! அந்தக் கழுதையை வெளியே விடுங்க, சொல்லுதேன்." அதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. சிரித்தாரா அழுதாரா என்று ஷமீலாவுக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு முதியவர் மிச்சம். காது சுத்தமாகக் கேட்காது. உள்ளே இருந்தது அவர் மனைவி.

கிளாடிஸ் எதுவும் பேசவில்லை. அவர் கையைப் பிடித்துக் கதவுவரை கூட்டிப்போய், வட்டக் கண்ணாடி வழியாகக் காட்டினார். உள்ளே ஒரு கை மெல்ல உயர்ந்தது. முதியவரும் கையை உயர்த்தினார். உயர்த்திய கையை வெகுநேரம் இறக்கவில்லை.

அன்று மாலை வகுப்பில் ஷமீலா அந்த நோட்டை நீட்டினார். மேலே 'கம் ரவுண்ட்' என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு வரிகள். மூன்று என்று எண் போட்ட இடம் காலி.

கிளாடிஸ் படித்தார். திரும்பவும் படித்தார்.

"இது நான் சும்மா பேசுனதுல்லா?"

"ஆமாக்கா. எந்தப் புத்தகத்துல படிச்சீங்க?"

"புத்தகமா? அவங்க மூஞ்சியைப் பார்த்தேன், சொன்னேன். அவ்வளவுதான்."

ஷமீலா நோட்டை அவர் பக்கம் இன்னும் தள்ளினார்.

"மூணாவது ஏன் காலியா இருக்கு டீச்சர்?"

"அதை எப்படி எழுதுறதுன்னு எனக்குத் தெரியலக்கா."

பிறகு ஷமீலா தன் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டார். ஸ்டாப் வாட்ச்சைக் கையில் எடுத்தார்.

"நான் வெளியில காத்திருக்கிற மனைவி. இங்கிலீஷ்ல சொல்லுங்க. அஞ்சு நிமிஷம்."

கிளாடிஸின் கை பழக்கத்தில் தன் நோட்டைத் தேடிப் போனது. பாதியில் நின்றது.

அவர் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியை இன்னும் அருகே நகர்த்தினார். டீச்சரின் முழங்கைமேல் கை வைத்தார்.

உங்கள் வீட்டுக்காரர் முழித்துவிட்டார், உங்களைத்தான் கேட்கிறார், வாருங்கள் என்றார். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற ஆங்கிலம்.

ஷமீலா எழுந்துவிட்டார், உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பதுபோல. ஸ்டாப் வாட்ச்சை அழுத்தவே இல்லை.

இத்தனையும் கேட்ட பிறகு எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அக்கா மூலம் அவர் எண் வாங்கி, தேர்வில் எத்தனை தடவை 'கம் ரவுண்ட்' சொன்னீர்கள் என்று கிளாடிஸ் சிஸ்டரிடமே கேட்டு வாட்ஸ்அப் அனுப்பினேன்.

ஒரு தடவையும் இல்லை என்று இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அயர்லாந்து எண்ணிலிருந்து.