பொந்துக்குள் கேட்ட ஸ்தோத்திரம்

ஒரு மலைக்காட்டில் ஞானாபரணம் என்ற ஆண் இருவாச்சிப் பறவை இருந்தது. அதன் மனைவி பெயர் கிருபை.

இருவாச்சிகளின் குடித்தனமே தனி. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலை அடைத்துவிடும். அலகு நீட்ட ஒரு சிறு சந்துதான் மிஞ்சும். உள்ளே அதன் இறகுகள் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறந்து வர முடியாது. ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டினால்தான் உண்டு. இல்லாவிட்டால் தாயும் பட்டினி, பிள்ளையும் பட்டினி.

ஞானாபரணம் விடிந்தது முதல் அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாகச் சந்து வழியே நீட்டும். ஒவ்வொரு பழத்துக்கும் கிருபை, "ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று சொல்லித்தான் வாங்கும்.

"அப்பா! இன்னொண்ணு!" என்று உள்ளிருந்து குஞ்சு கத்தும்.

ஞானாபரணத்துக்கு அலுத்துப்போனது.

"எந்நேரமும் பழம், பழம், பழம்! என் ஆத்துமா வறண்டுபோச்சு கிருபை. ஜெபிக்க நேரம் எங்க இருக்கு?"

"இங்கேயே ஜெபிக்கலாமேங்க. நான் ஸ்தோத்திரம் சொல்லும்போது நீங்க ஒரு ஆமென் சொல்லுங்க, போதும்."

"வாயில பழத்தை வச்சுக்கிட்டா? இதெல்லாம் ஒரு ஜெபமா!"

மலையுச்சிப் பாறையில் யாரோ எப்போதோ நட்ட சிலுவை ஒன்று நின்றது. லெந்து என்ற தவக்கால நாட்கள் வந்ததும் அங்கே ஓர் ஆண்மயில் உபவாசக் கூட்டம் நடத்தியது. ஞானாபரணம் ஒருநாள் எட்டிப் பார்த்தது. பாட்டும் கண்ணீருமாக ஒரே உருக்கம்! மறுநாளும் போனது. பொந்துக்கு வரும் பழம் குறைந்தது. குஞ்சின் குரலும் குறைந்தது.

"பிரதர்!" என்றது மயில். "கடைசி உபவாசம் முடியும்வரை யாரும் பாறையை விட்டு இறங்கக் கூடாது. வீட்டை மறந்தவனுக்குத்தான் தரிசனம்!"

"ஐயா, வீட்டுல அவளும் பிள்ளையும் என்னை நம்பித்தான்..."

"பறவைகளுக்கெல்லாம் இரை கொடுக்கிற ஆண்டவர் உம்ம வீட்டை மட்டும் மறந்துடுவாரா? விசுவாசம் பத்தாது பிரதர் உமக்கு!"

மயிலுக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லும்! மயில்குஞ்சு பொரிந்த கையோடு தாயின் பின்னால் நடந்து தானே கொத்தித் தின்னும். ஆண்மயில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஞானாபரணத்துக்கு இது தோன்றவே இல்லை.

"போகாதீங்க," என்று கிருபை கெஞ்சியது. "அவனுக்கு இப்பதான் இறகு முளைக்குது. பசி தாங்கமாட்டான்."

"அவிசுவாசமா பேசாதே! ஆண்டவர் பார்த்துக்குவார்!" என்று சொல்லிவிட்டு ஞானாபரணம் பறந்தது.

பாறையில் நாட்கள் போயின. தரிசனம் ஒன்றும் வரவில்லை. மற்றவர்களைப் போல அழவாவது வரம் கேட்டது, அதுவும் வரவில்லை. ஆனாலும் மனம் லேசாகிவிட்டது போலிருந்தது. உபவாசம் முடிந்ததும் ஞானாபரணம் வெறும் அலகோடு வீடு திரும்பியது.

"கிருபை! எவ்வளவு ஆசீர்வாதம் தெரியுமா!"

வெகுநேரம் கழித்துச் சந்தில் ஓர் அலகின் நுனி தெரிந்தது.

"மெதுவா பேசுங்க," என்றது கிருபை.

"ஏன், பிள்ளை தூங்குறானா?"

"இல்லை. நேத்தே அடங்கிட்டான். கடைசிவரைக்கும் அப்பா, அப்பான்னுதான் கூப்பிட்டான்."

ஞானாபரணம் கிளையில் சரிந்தது.

"ஆண்டவர் கொடுப்பார்னு நம்பித்தானே போனேன்! ஏன் கொடுக்கலை?"

"கொடுத்தாரே! பக்கத்து அத்திமரம் பூராவும் பழுத்துக் கிடக்கு. வாசனை இந்தப் பொந்துக்குள்ள வந்துக்கிட்டே இருந்துச்சு. எங்களுக்கு ஊட்ட உங்க அலகையும் கொடுத்திருந்தார். அதுதான் வரலை."

ஞானாபரணம் எழுந்து பறந்தது. ஒரு பழம் கொண்டுவந்து சந்தில் நீட்டியது. செத்த பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தபடி கிருபை அதை வாங்கியது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்றது.

பாறையில் அத்தனை நாள் கேட்டும் கிடைக்காத கண்ணீர் அப்போது ஞானாபரணத்துக்கு வந்தது. ஆமென் சொல்ல வாயைத் திறந்தது. அடுத்த பழத்தைக் கேட்க உள்ளே பிள்ளை இல்லை.

வீட்டாருக்கு நாம் ஊட்டுகிற கவளத்திலேயே நம் ஆத்துமாவுக்கும் உணவை வைத்திருக்கிறார் ஆண்டவர். அவர்களைப் பட்டினி போட்டுவிட்டு எந்த மலையில் போய்த் தேடினாலும் அது கிடைக்காது.