எட்டுப் பாட்டில் தண்ணீர்

ஐந்து நாள் சைக்கிள் பந்தயத்தில் நான்கு நாள் முடிந்திருந்தது. மிச்சம் கொல்லிமலை மட்டும். காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அதற்கும் மேலே, சோளக்காட்டில் எல்லைக் கோடு.

கோவில்பட்டி செண்பகவல்லி மூன்று வருடம் தொடர்ந்து இந்தப் பந்தயத்தை வென்றவள். நான்காவது முறை யாரும் வென்றதில்லை. அது அவளுக்கு வேண்டும். ஆனால் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையை இப்போது போட்டிருந்தவள் புனே அணியின் மிருணாளினி. இருவருக்கும் இடைவெளி பதினெட்டு வினாடி. செண்பகம் மலையில் ஒரு அழுத்து அழுத்தினால் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன.

அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்பது பத்திரிகைகளுக்குத் தெரியாது. பயிற்சியாளர் ரெஜினாவுக்குத் தெரியும்.

காலையில் ரெஜினா சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது செண்பகம் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, கால் வரல."

"தெரியும்."

"கால் இல்லாம எதை வச்சுக்கா மலை ஏற?"

ரெஜினா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "இன்னைக்குத் தண்ணி நீ எடுத்துக் குடு."

செண்பகத்துக்குச் சுருக்கென்றது. ஓர் அணியில் தண்ணீர் சுமப்பது கடைசி ஆளின் வேலை. பின்னால் வரும் காருக்குப் பின்தங்கிப் போய், முதுகுப் பையிலும் சட்டைக்குள்ளும் எட்டுப் பாட்டிலைத் திணித்துக்கொண்டு, அந்தக் கனத்தோடு மிதித்து முன்னால் வந்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். நான்கு வருடமாக அதைச் செய்துவந்தவள் மேலப்பாளையம் ஜன்னத்.

"அப்போ ஜன்னத்?"

"அவ சும்மா ஓட்டட்டும்."

"நான் தலைவிக்கா."

"அதனாலதான் சொல்லுதேன்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் செண்பகம் சண்டைக்கே போயிருப்பாள். சொன்னது ரெஜினா. ஹெல்மெட்டை மாட்டினாள்.

இருபதாம் வளைவில் காதுக் கருவியில் ரெஜினாவின் குரல் வந்தது. "தண்ணி."

செண்பகம் பின்தங்கினாள். மிருணாளினி விடுவாளா? நான்கு நாளாக அவள் சாலையைப் பார்த்ததைவிடச் செண்பகத்தின் பின்சக்கரத்தைப் பார்த்ததுதான் அதிகம். அவளும் வேகத்தைக் குறைத்தாள். மஞ்சள் சட்டையே குறைக்கிறதே, ஏதோ விஷயம் இருக்கிறது என்று மற்றவர்களும் குறைத்தார்கள். ஆக, எட்டுப் பாட்டில் தண்ணீருக்கு இருபது பேர் காவல்.

அவர்களுக்குத் தலை சுற்றியது. முடிவு தெரியப்போகிற நாளில் ஒரு தலைவி தண்ணீர் சுமக்கிறாள் என்றால் காலில் எவ்வளவு பலத்தைப் பதுக்கி வைத்திருக்க வேண்டும்! என்ன திமிர்!

செண்பகத்துக்கோ மூச்சு இரைத்தது. முன்னால் வந்து ஜன்னத்திடம் பாட்டிலை நீட்டினாள். ஜன்னத் முழித்தாள்.

"அக்கா, நீங்களா?"

"குடி. பேசாத."

நாற்பத்தொன்றாம் வளைவில் மறுபடி "தண்ணி" என்றது காது. மறுபடி செண்பகம் பின்தங்கினாள், மறுபடி எல்லோரும் குறைத்தார்கள். ஜன்னத் மட்டும் குறைக்கவில்லை.

"ஜன்னத், திரும்பிப் பாக்காத," என்றது ரெஜினாவின் குரல்.

ஜன்னத் ஒரு வளைவு முன்னால் போனாள். பிறகு இரண்டு. மொத்தக் கணக்கில் மிருணாளினிக்கு ஒரு நிமிடம் நாற்பது வினாடி பின்னால் இருந்தவள். தண்ணீர்க்காரி. அவளை யார் லட்சியம் செய்வார்கள்?

ஐம்பத்தைந்தாம் வளைவில்தான் மிருணாளினி அண்ணாந்து பார்த்தாள். ஜன்னத்தின் பச்சைச் சட்டை மூன்று வளைவுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. முறை வைத்து முன்னால் வந்து காற்றை மறைத்துக் கொடுங்கள், துரத்திப் பிடிக்கலாம் என்று மற்றவர்களைப் பார்த்து இந்தியில் கத்தினாள். ஒருவரும் அசையவில்லை. நாம் மாரடிக்க, செண்பகம் பின்னால் சொகுசாக ஒட்டிக்கொண்டு வந்து கடைசியில் பறந்துவிடுவாள். அந்த வேலை யாருக்கு வேண்டும்?

அறுபதாம் வளைவில் அது நடந்தது. செண்பகத்துக்குக் குப்பென்று வியர்த்தது. உடம்பு லேசானது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழைய பலம் தொடைக்குள் வந்து உட்கார்ந்தது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "கால் வந்திருச்சு."

காதில் பதில் இல்லை.

இப்போது கிளம்பினால் நான்காவது வெற்றி. ஆனால் கிளம்பினால் அத்தனை பேரும் அவள் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வருவார்கள், ஐந்தே வளைவில் ஜன்னத்தை விழுங்கிவிடுவார்கள். கைகள் ஹேண்டில்பாரை இறுக்கின. ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

"அக்கா?"

பதில் இல்லை.

பக்கத்தில் மிருணாளினியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. செண்பகம் சட்டைக்குள் கைவிட்டாள். ஒரே ஒரு பாட்டில் மிச்சம் இருந்தது. அதை எடுத்து மிருணாளினியிடம் நீட்டினாள்.

மிருணாளினி ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள். அவள் குடித்து முடிப்பதற்குள் ஜன்னத் இன்னொரு வளைவைத் தாண்டியிருந்தாள்.

அறுபத்தெட்டாம் வளைவில் மேலிருந்து பறைச் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கி அலறியது. "ஜன்னத்! மேலப்பாளையம் ஜன்னத்!" செண்பகம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினாள். தான் வென்ற மூன்று முறையும் அவள் அப்படிக் கத்தியதில்லை. மிருணாளினியும் இருந்த கூட்டத்தோடு கூட்டமாக ஒன்பதாவதாகக் கோட்டைத் தாண்டினாள். ஜன்னத் வந்து சேர்ந்து இரண்டு நிமிடம் பத்து வினாடி ஆகியிருந்தது. முப்பது வினாடி வித்தியாசத்தில் மஞ்சள் சட்டை அவர்கள் அணிக்கு வந்துவிட்டது.

ரெஜினா காரின் பின்கதவைத் திறந்து காலிப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற அணிகள் ஏமாந்ததை நினைத்துச் சிரித்துச் சிரித்து அவள் கண் சிவந்திருந்தது.

"கால் வந்திருச்சுன்னு சொன்னேன்லக்கா. ஏன் பதிலே சொல்லல?"

"தண்ணி நீ எடுத்துக் குடுன்னு காலையிலயே சொல்லிட்டனே."

செண்பகம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நான் கிளம்பியிருந்தா?"

"ஜெயிச்சிருப்ப."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நாலாவது தடவையும் தனியா நின்னு போட்டோ எடுத்திருப்ப."

மேடையில் ஜன்னத் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, கூட்டத்தில் யாரையோ தேடித் தேடி "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். செண்பகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரெஜினா ஒரு நிறை பாட்டிலை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"உன்னத்தான் கூப்பிடுதா, போடி. அவ தண்ணி குடிச்சு ரொம்ப நேரமாச்சு."