எதிரே நின்ற வண்டி

ஒரு காரில் ஒரு டிம்மர் குடியிருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் குச்சியாக ஒரு கை நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு வேலை. எதிரே வண்டி வந்தால் முகப்பு விளக்குகளின் தலையைக் குனிய வைக்க வேண்டும். வண்டி கடந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். கேட்பதற்கு அற்பமான வேலைதான். ஆனால் தினமும் சாயங்காலம் வாய்க்கால் பாலத்தில் அந்த வேலையைச் செய்யும்போது டிம்மருக்கு மனசு நிறைந்துவிடும்.

காரணம் ஜமுனா. இட்லி மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு, ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். காரின் சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தி பம்ப்செட் கடையைப் பூட்டிவிட்டு வீடு திரும்பும்போது, அவள் மாவோடு எதிரே வருவாள். பாலம் ஒடுக்கமானது. ஒரு பக்கக் கைப்பிடிச் சுவர் இடிந்து விழுந்ததை யாரும் கட்டவில்லை. கீழே வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடும். டிம்மர் சொல்லும், பழைய மஞ்சள் விளக்குகள் இரண்டும் குனியும். "வாரனுங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்கூட்டரின் சின்ன விளக்கு ஓரமாகக் கடந்து போகும்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போட்டவர் ஈஸ்வரமூர்த்தியின் சகலை நாச்சிமுத்து. புதுக் கார் வாங்கியிருந்தார். அதன் விளக்கு வெள்ளை வெளேரென்று எரியும். ஒரு காதுகுத்து விருந்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "ஏன் சகலை, உங்க வண்டியில லைட்டு எரியுதுங்களா, இல்ல உள்ள ஆராச்சும் உக்காந்து பீடி குடிக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

பந்தியே சிரித்தது. ஈஸ்வரமூர்த்திக்கு அதற்குமேல் பாயசம் இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளை பல்புகளோடு ஒரு பெட்டி வந்தது. ஈஸ்வரமூர்த்தி பானெட்டைத் திறந்து வைத்து, செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, வேலையில் இறங்கினார். வீடியோவில் பேசியவன் இந்தியில் பேசினான். அவருக்கு இந்தி தெரியாது. அதனாலென்ன, கை தெரிகிறதே.

"மெக்கானிக்கு ஒருத்தரக் கூப்பிட்டுக்கலாமுங்களே" என்றாள் மனைவி வசந்தாமணி.

"ஊரு பூரா மோட்டார் வித்தவன், ஒரு பல்பு மாட்டறதுக்கு ஆளு கூப்பிடறதா?"

ரப்பர் மூடியைப் பிய்த்தார். கம்பியை நெளித்தார். மஞ்சள் விளக்குகளைப் பிடுங்கிப் பழைய பேப்பரில் சுற்றி மூலையில் போட்டார். போகிற போக்கில் லூசாக இருக்கிறது என்று ஒரு திருகையும் முடுக்கினார். விளக்கு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கிற திருகு அது. விளக்கின் முகம் வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது.

இருட்டியதும் போட்டுப் பார்த்தார். வாசல் தென்னை மரம் பகல்போல நின்றது.

"காயெல்லாம் தெரியுதுங்க" என்றாள் வசந்தாமணி.

"தெரியுதில்ல!"

"ரோடு தெரியுதுங்களா?"

"ரோடு எங்க போயிரும்? அது அங்கயேதான் கெடக்கும்."

அன்று ராத்திரியே புது விளக்கு தன் முதல் உரையை ஆற்றியது. வெளியூர்ச் சரக்கு என்பதால் அதற்கு மேடைத் தமிழ்தான் வரும். "நண்பர்களே! என் பெயர் விளக்கு. விளக்குவது என் பிறவிக் கடமை. நான் விளக்கினால்தான் இந்தச் சாலைக்கு எதுவும் விளங்கும்!"

ஹாரன் உடனே, "ஆமாங்க! ஆமாங்க!" என்றது. யார் சத்தமாகப் பேசினாலும் ஹாரனுக்குப் பிடித்துப் போகும்.

டிம்மர் மெதுவாகக் கேட்டது: "ஏனுங்க, எதுக்கால ஆராச்சும் வந்தா நான் சொல்லுவனுங்க. கொஞ்சம் குனிஞ்சுக்குவீங்கல்ல?"

"குனிவதா? எதற்கு?"

"அவங்களுக்குக் கண்ணு தெரியோணுமுங்களே."

"அவர்களுக்கு நான் தெரிகிறேனே! அதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?"

சரி, நம் கையில் என்ன இருக்கிறது, முதலாளி நம்மைத் தொட்டால் இவர் குனிந்துதானே ஆக வேண்டும் என்று டிம்மர் தன்னைத் தேற்றிக்கொண்டது.

ஆனால் முதலாளி தொடவில்லை. "காசு போட்டு லைட்டு மாட்டுனது டிம் பண்ணறதுக்கா?" என்பது அவருடைய கட்சி. எதிரே வந்த லாரிக்காரர்கள் திட்டினார்கள். அவருக்கு அது காதில் விழவில்லை. விழுந்தாலும் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். டிம்மர் ஒவ்வொரு நாளும் பாலம் நெருங்கும்போது உள்ளுக்குள் பதைத்தது. சுவர் இல்லாத பக்கமாக அந்தப் பெண் போய்விடக் கூடாதே என்பது ஒன்றுதான் அதன் கவலை.

ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்துவிட்டது.

ஜமுனாவின் ஸ்கூட்டர் பாலத்தில் ஏறிய நேரமும் கார் ஏறிய நேரமும் ஒன்றாக இருந்தன. "எனக்கு ஒண்ணுமே தெரியலைங்களே!" என்று சின்ன விளக்கு கத்தியது. "அய்யா, தொடுங்க! என்னைத் தொடுங்க!" என்று டிம்மர் கத்தியது. "பாருங்கள், என்னைப் பாருங்கள்!" என்றது புது விளக்கு. ஹாரன் தன் பங்குக்கு அலறியது. ஜமுனா கண்ணை இடுக்கிக்கொண்டு, எது பாலம், எது வெளி என்று தெரியாமல், குத்துமதிப்பாகப் பிரேக்கைப் பிடித்தாள். ஸ்கூட்டர் சறுக்கிச் சாய்ந்தது. முன் சக்கரம் பாலத்தின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் சுற்றிக்கொண்டு நின்றது. அவள் பாலத்தின் மேலேயே விழுந்தது யார் செய்த புண்ணியமோ. கை பிசகிவிட்டது. மாவு முழுக்கப் பாலத்தில் கொட்டி வழிந்தது.

"கண்ணு கூசுதுங்ணா. ஒரு டிம் பண்ணக்கூடாதுங்களா?" என்றாள் அழுகையோடு.

"ஏன் அம்மிணி, கண்ண மூடிட்டு வண்டி ஓட்டுனா விழத்தான் செய்யும். இவ்வளவு வெளிச்சத்துலயே உனக்கு ரோடு தெரியலையா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. மனிதர் கெட்டவர் இல்லை. இறங்கி ஸ்கூட்டரை இழுத்து நிறுத்திக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் கொடுக்கும்போதும் விளக்கை அணைக்கவில்லை.

டிம்மருக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலையில் வீட்டில் உப்புமா. அதற்கு மறுநாளும் உப்புமா.

"இட்லி என்னாச்சு?"

"ஜமுனாவுக்குக் கையி வீங்கிக் கெடக்குது. மாவ ஆரு ஆட்டறது?" என்றாள் வசந்தாமணி. உப்புமாவை இன்னொரு கரண்டி வைத்தாள்.

அந்த வார முகூர்த்தத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாலத்தைத் தாண்டி ரோடு திரும்புகிற முனையில் புதிதாகக் கட்டிய மண்டபம். நேற்றுவரை பச்சைத் துணி போட்டு மூடி வைத்திருந்து, அன்றுதான் துணியைப் பிரித்திருந்தார்கள். சகலையும் வருவார் என்று கேள்விப்பட்டதும் ஈஸ்வரமூர்த்தி விளக்குக் கண்ணாடிகளைப் பற்பசை போட்டுத் துடைத்தார். பட்டு வேட்டி, பட்டுச் சேலை சகிதம் இருவரும் கிளம்பினார்கள்.

பாலத்தைத் தாண்டியதுதான் தாமதம், நேர் எதிரே ஒரு கார். கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம்.

ஈஸ்வரமூர்த்தி சட்டென்று நிறுத்தினார். எதிரே வந்த காரும் நின்றது.

"நாச்சிமுத்துதான். என்னைப் பாத்துட்டு வேணும்னே நிறுத்தறான். வேற ஆருகிட்ட இருக்குது இந்த லைட்டு?"

"நம்மகிட்ட இருக்குதுங்களே" என்றாள் வசந்தாமணி, கண்ணுக்குக் கையை மறைத்துக்கொண்டு.

அவர் ஹாரனை அழுத்தினார். எதிரிலிருந்தும் ஹாரன் சத்தம் திரும்பி வந்தது. "ஆமாங்க! ஆமாங்க!" என்று இந்த ஹாரனுக்கு ஒரே சந்தோஷம், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பேச்சுக்கு ஒருவர் அப்படியே தலையாட்டுகிறார். புது விளக்கோ, "எனக்கு நிகரான ஒரு மாமேதையைச் சந்தித்துவிட்டேன்" என்றது. சற்று நேரம் கழித்து, "ஆனால் எனக்கு எதுவுமே தெரியவில்லையே, ஏன்?" என்றது.

ஈஸ்வரமூர்த்தி காரை ஒரு முழம் முன்னே நகர்த்தினார். அந்தக் காரும் ஒரு முழம் முன்னே வந்தது.

"திமிரப் பாத்தியா அவனுக்கு! நேரா மேலயே வாரான்! ஏய், டிம் பண்ணுய்யா! அறிவில்ல?" கண்ணாடியை இறக்கிக் கத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எதுக்கால ஒரு மனுசன் வாரான்னு தெரியாதா?"

"நீங்க மொதல்ல டிம் பண்ணுங்க" என்றாள் வசந்தாமணி.

"நானா? அவன் பண்ணட்டும், அப்பறம் பாக்கலாம்."

வசந்தாமணி எட்டி டிம்மரைப் பிடித்தாள். எத்தனை நாள் கழித்து ஒரு கை! டிம்மர் தன் முழு பலத்தையும் கூட்டிச் சொன்னது: "குனிங்க சாமி!"

புது விளக்கு வேறு வழியில்லாமல் குனிந்தது. அதே நொடியில் எதிரே நின்ற விளக்கும் குனிந்தது.

"பாத்தியா! நான் போட்ட சத்தத்தக் கேட்டுப் பம்மிட்டான்!" என்று ஈஸ்வரமூர்த்தி மீசையைத் தடவினார்.

வசந்தாமணி எதிரே கூர்ந்து பார்த்தாள். மண்டப வாசலில் தொங்கிய சீரியல் பல்பு வெளிச்சத்தில் இப்போது அந்தக் காருக்குள் ஆள் தெரிந்தது.

"ஏனுங்க, உங்க சகலை பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்திருக்காளே, அவ சேலை நான் கட்டியிருக்கற சேலையாட்டவே இருக்குதுங்களே. அவரும் மீசையத் தடவறாரு பாருங்க."

ஈஸ்வரமூர்த்தி மீசையிலிருந்து கையை எடுத்தார். எதிரே இருந்தவரும் எடுத்தார். மண்டபத்தின் முகப்பு, தரையிலிருந்து மாடிவரை ஒரே கண்ணாடியாக மின்னியது.

அதைப் பார்த்ததும் ஈஸ்வரமூர்த்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த மண்டபத்துக்காரனுக்குப் புத்தி இருக்குதா? ரோட்டுக்கு நேரா இத்தாத்தண்டி கண்ணாடிய வெச்சா, எதுக்கால வாரவனுக்குக் கண்ணு கூசாதா? வண்டிய வாய்க்கால்ல உட்டுட்டா ஆரு பதில் சொல்லறது?"

"அதையேதாங்க ஜமுனாவும் கேட்டா" என்றாள் வசந்தாமணி. டிம்மரைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.