அருவிக்குப் போன மோழை எருமை

மலையடிவாரத்துக் கொட்டகையில் ஓர் எருமை இருந்தது. கொம்பில்லாததால் அதற்கு மோழை என்று பெயர். பால் கொடுப்பது, வைக்கோல் தின்பது, படுப்பது, மறுபடியும் பால் கொடுப்பது. பாவம், அதற்கு அலுத்தே போய்விட்டது!

ஒருநாள் மேல்மலையிலிருந்து ஒரு வரையாடு உப்பு நக்க இறங்கி வந்தது.

"என்னக்கா, முகம் இப்படி வாடிக் கிடக்கு? எங்க தேன்பாறைக்கு ஒருநாள் வாயேன். பக்கத்துலயே அருவி. சும்மா காலாற நடந்தா போதும்!"

"கன்னுக்குச் சாயங்காலம் பால் குடுக்கணுமே?"

"மத்தியானம் குளிச்சிட்டுச் சாயங்காலம் திரும்பிடலாங்கா!"

மறுநாள் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனார்கள். அவசரத்தில் மோழையைக் கட்டுத்தறியில் கட்ட மறந்துவிட்டார்கள். அது கன்றுக்கு வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு மலையேறியது.

தேன்பாறைக்குப் போவதற்குள்ளேயே நுரை தள்ளிவிட்டது. "அருவி எங்கே?" என்றது.

அங்கே காத்திருந்த வரையாடு பாறை விளிம்பில் நின்று எதிர்மலையைப் பார்த்துக் கத்தியது. அங்கிருந்து இன்னொரு ஆடு பதிலுக்குக் கத்தியது.

"கேட்டியாக்கா? அருவிக்கரையிலிருந்து என் மச்சான்தான் கத்துறான். குரல் எட்டுச்சுன்னா பக்கம்னு அர்த்தம். எங்க மலையில தூரம் பார்க்கிறதே இப்படித்தான்!"

மோழையும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்?

வழி பள்ளத்தில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் ஓடை, வழுக்குப் பாறை. அதைத் தாண்டினால் செங்குத்தாக ஏற்றம். வரையாடு துள்ளித் துள்ளிப் போயிற்று. மோழைக்கு ஒவ்வொரு காலையும் பெயர்த்து வைக்க வேண்டியிருந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

வரையாடு மறுபடியும் கத்தியது. மறுபடியும் பதில் வந்தது. "பாருக்கா, குரல் எட்டுது. கிட்டத்துலதான்!"

"அட போப்பா! உன் சத்தம் பள்ளத்தைத் தாண்டிப் பறந்து போகுது. நான் இறங்கி ஏறி நடந்துல்ல போகணும்!"

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மோழையின் மடி கனத்து வலித்தது. கன்றுக்குப் பசிக்கும் நேரம் நெருங்குகிறது என்று அதற்குப் புரிந்தது.

"நான் திரும்புறேன்."

"ஐயையோ! இன்னும் ஒரே ஒரு ஏத்தம்தான்! இவ்வளவு தூரம் வந்துட்டு அருவியைப் பார்க்காம யாராவது போவாங்களா?"

"அருவி நாளைக்கும் விழும். என் கன்னு இப்பப் பட்டினி கிடக்கு."

வரையாடு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மோழை தனியாக ஓடையைக் கடந்தது. பள்ளத்திலிருந்து மேலேற இரண்டு இடத்தில் முட்டி போட்டது. பிறகு அடிவாரம் வரை நொண்டிக்கொண்டே இறங்கியது.

கொட்டகைக்கு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கன்று கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்து சிவந்துபோயிருந்தது. அம்மாவைக் கண்டதும் பாய்ந்து முட்டிக் குடித்தது. மோழைக்கு அப்படியே விழுந்து படுக்கத்தான் ஆசை. ஆனாலும் நின்றபடியே பால் கொடுத்தது.

பாதி வயிறு நிறைந்ததும் கன்று தலை நிமிர்ந்து கேட்டது: "அருவி எப்படிம்மா இருந்துச்சு?"

"தெரியலடா. நீ குடி."

வழி எளிது என்று ஒருவர் சொன்னால், அது யாருடைய காலுக்கு எளிது என்று கேட்டுக்கொண்ட பிறகே கிளம்ப வேண்டும்.